இரண்டு கை தூரம்

கோவையில் பயிற்சி, ஆறு வாரம்.
யாராக இருந்தாலும் இரண்டு கை தூரம்.
முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்.
மூடிய கை என்றால் முதலில் மணிக்கட்டு.
சான்றிதழில் மாதேஸ்வரியை
மகேஸ்வரி ஆக்கியிருந்தார்கள்.
திருத்தித் தரவேயில்லை.

மூடிய கை ஒன்றை
ஏர்வாடியில் பிடித்தேன், வேலைக்கு வந்த முதல் வருடம்,
சந்தனக்கூடு இரவு.
நான் காவல் நின்ற ஐயாவை நோக்கி நீண்டது.
முறுக்கினேன்.
விரல் பிரிந்து கொட்டியது சர்க்கரை.
ஓதி வாங்கிய சர்க்கரை,
வெளியூர்க்காரருக்கு முதல் பிடி.
அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை.
யார் காலும் படுவதற்குள்
குனிந்து மணலோடு சேர்த்து
கைக்குட்டையில் அள்ளினார், இடது கையால்.
வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைய அறிக்கையில் எழுதினேன்:
அசம்பாவிதம் ஏதுமில்லை.

இன்று மோர்ப்பண்ணை.
வத்சலா மேடத்தின் கம்பெனிப் படகில் போன நம்புராசு
நான்காம் நாள் கரை ஒதுங்கியிருக்கிறான்.
போகவேண்டாம் என்கிறது அலுவலகம்.
போயே தீருவேன் என்கிறார் மேடம்.
வழியெல்லாம் சீமைக்கருவேலம்.
டிரைவர் இபுராம்சா பேசியது ஒரே வாக்கியம்:
"வண்டியத் திருப்பியே நிறுத்துறேன்."

நூறு பேர் கத்தினார்கள்.
கத்தல் எனக்குப் பழகிவிட்டது.
இந்தக் கரையில் மீன் விலை கேட்பதும் இப்படித்தான்,
காற்றோடு மல்லுக்கட்டிய தொண்டைகள்.
இடுப்பில் கத்தி வைத்திருந்தவர்கள் பதினோரு பேர்.
எண்ணினேன். வலை அறுக்கும் கத்தி.
கழற்றி வையுங்கள் என்று நான் சொல்லும் நிமிடத்தில்தான்
அது ஆயுதமாகும்.

ஷூவைக் காரிலேயே விட்டேன்.
ஓட நேர்ந்தால் இந்தச் சுடுமணலில் வெறுங்கால்தான்.
மேடத்தின் கூலிங் கிளாஸைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டேன்.
அது உன் வேலையா என்றால்
அதுதான் என் வேலை.

பந்தலுக்குள்ளிருந்து முனீஸ்வரி எழுந்தாள்.
தலைவிரிகோலம்.
இரு கையும் விரித்து
நேரே மேடத்தை நோக்கி ஓடி வந்தாள்.
இரண்டு கை தூரம்.
ஒன்றரை.
என் தோள் தானாக முன்னே போனது,
உடம்பில் எழுதியது லேசில் அழியாது.
ஆனால் எழவுக்கு வந்த பெண்ணை
எழவுக்காரி கட்டிக்கொண்டுதான் அழுவாள்.
அந்தக் கைகளுக்குக் குறுக்கே நான் நின்றால்
ஊரே எழும்பும்,
எழும்புவதுதான் நியாயம்.
தோளை இழுத்துக்கொண்டேன்.

"ஒன் படகை நம்பித்தானடி அனுப்புனேன், பாவி..."
மேடத்துக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துத் தெரிந்தது.

நான் கால்களைப் பார்த்தேன்.
ஆண்கள் எல்லாரும் கைலியை இறக்கிவிட்டு நின்றார்கள்.
ஒருவன் மட்டும்
முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி,
வலது கை முதுகுக்குப் பின்னால்.
சாவுக்கு முன்னும் இறங்காத மடிப்பு.
இருபது வயது இருக்கும்.
அவன் கத்தவேயில்லை.

மணிக்கட்டு எட்டும் தூரம்தான்.
போய்ப் பக்கத்தில் நின்றேன், எதிரில் அல்ல.
"தம்பி, ஒனக்கு அவரு என்ன முறை?"
பதில் வர நேரமாயிற்று.
"மாமன்."
சொன்ன பிறகு
தன் கால்களைத் தானே பார்த்தான்.
மடிப்பை இறக்க இரண்டு கையும் வேண்டும்,
ஒரு கையால் இழுத்தால் முடிச்சே போய்விடும்.
கல் மணலில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.
அதன்மேல் என் காலை வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது மேடம் கேட்டார்:
"அவ ஓடி வந்தாளே, ஏன் தடுக்கல?"
அவர் தோளில் சேலை இன்னும் ஈரம்.
இபுராம்சா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
படிவத்தில் ஆயுதம் என்ற கட்டத்தில்
கல் என்று எழுதினேன்,
அடித்தேன்.
தேவிபட்டினம் தாண்டியும்
ஷூ போட முடியவில்லை.
உள்ளங்காலில் கொப்புளம்.